பழைய தகட்டில் வேறு முகம்

டூங்கபி
12.09.2010

அன்பின் வைதேகிக்கு,

நான் சிட்னிக்கு வந்து நாலு மாதமாகிவிட்டது. கால் வீக்கம் வற்றிவிட்டது, சாப்பாடு செமிக்கிறது. நீயும் சிறிதரனும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ரெலிபோனைக் காதில் வைத்தால் ஷெல் விழுந்த அன்று தொடங்கிய இரைச்சல்தான் கேட்கிறது. கொம்பியூட்டரில் எழுதப் பழகச் சொல்லித் தம்பி சிவபாலன் நச்சரிக்கிறான். எனக்கு விருப்பமில்லை. நீ கையால் எழுது. எழுத்தைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். காணாமற்போனவர்களைத் தேடுகிற ஒரு அமைப்பு இங்கே விண்ணப்பம் எடுக்கிறது. தம்பி எனக்காக உன் அத்தானின் விபரங்களை நிரப்பினான். பெயர் விக்னராஜா, வயது ஐம்பத்தாறு, கணித ஆசிரியர், கடைசியாகக் கண்டது 2009 மே. சண்டை முடிந்து பாலத்தைக் கடந்ததும் ஆமிக்காரர் ஆண்களை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். “நீ முன்னுக்குப் போ, நான் வாறன்” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கீழே ஒரு சதுரம் வெறுமையாக இருக்கிறது. அதில் படம் ஒட்டவேண்டும்.

என்னிடம் ஒன்றும் இல்லை. படங்கள் இருந்த பை கடலேரியில் போய்விட்டது. சமாதான காலத்தில் நீ கிளிநொச்சிக்கு வந்தபோது பத்துப் பதினைந்து படம் எடுத்தாயே, உன்னிடம் பிரதி இருக்கும். ஒன்று அனுப்பினால் காணும்.

உன் அக்கா,
கமலினி


கிளென் வேவர்லி
03.10.2010

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கால் வற்றியது நல்ல செய்தி. நாங்கள் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். மகனுக்கு அடுத்த வருஷம் கடைசிப் பரீட்சை, அதனால் வீட்டில் எல்லோரும் மெதுவாகக் கதைக்கிறோம்.

படங்கள் பெட்டிகளில் இருக்கவேண்டும். வீடு மாறியபோது எல்லாம் கலந்துவிட்டது. பார்க்கிறேன்.

எனக்கு வேலை மாறியிருக்கிறது. நூலகத்தில் படப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஜோசையா பென்விக் என்று ஒரு ஆங்கிலேயர், இருநூறு வருஷத்துக்கு முன் லண்டனில் இருந்தவர். மனிதர்களின் உருவப்படங்களைச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடிப்பது அவர் தொழில். அவருடைய படங்களும் குறிப்பேடுகளும் பதினேழு பெட்டிகளில் ஒரு குடும்பத்திடமிருந்து வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, விபரம் எழுதிப் பட்டியல் போடுவது என் வேலை.

நீதிபதி, பிஷப், கடற்படைத் தளபதி என்று எல்லாரையும் செதுக்கியிருக்கிறார். அநேகமாக ஒருவரையும் நேரில் கண்டதில்லை. யாரோ ஓவியர் வரைந்த படத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்து, அந்த இடவலம் மாறிய முகத்தைப் பார்த்துத்தான் செதுக்குவாராம். அப்போதுதான் தாளில் அச்சாகும்போது வலது இடது சரியாக வரும். ஒரு முகத்துக்குச் சில வேளை பத்து மாதம். கன்னத்தில் நிழல் விழவைக்க மட்டும் எத்தனை ஆயிரம் கோடுகள், அக்கா! பூதக் கண்ணாடியில் பார்க்கும்போது முகம் மறைந்துபோய் கோடுகள்தான் தெரிகின்றன.

காதுக்கு வேறு டொக்டரைப் பாருங்கள். விஜயா அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
வைதேகி


டூங்கபி
21.11.2010

அன்பின் வைதேகி,

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அங்கே ஒரே நாளில் நாலு காலநிலையாம், தம்பி சொன்னான். தடிமன், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

உன் வெள்ளைக்காரரைப் பற்றி விஜயாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஆளைக் காணாமலே ஆளைக் கீறுறதோ? எங்கட கலியாண புரோக்கர்மாரும் அதைத்தானே செய்யினம்!” என்று தாளில் எழுதிக் காட்டினாள். நான் சிரித்ததைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

படம் கிடைத்ததா? தம்பி உன்னை நக்கலடிக்கிறான். “மெல்பேர்ன் ஆக்கள் பெட்டிக்கு மேல பெட்டி அடுக்கி, பெட்டிக்குப் பேரும் எழுதி வைப்பினம். பிறகு ஏன் எடுக்கேலாமல் கிடக்கு?”

அமைப்பிலிருந்து ஒருவர் பெப்ரவரியில் கோப்புகளோடு போகிறார். படம் இல்லாத கோப்பையும் கொண்டுபோவார்கள்தான். ஆனால் இந்தப் பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்? முகம் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது?

எப்படியாவது தேடி எடு.

அக்கா


கிளென் வேவர்லி
18.01.2011

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் எப்படிப் போனது? நாங்கள் வீட்டிலேயே பொங்கினோம். புகை எச்சரிக்கை மணி அடித்துப் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்தா.

இதனுள் அத்தானின் படம் இருக்கிறது. பழைய பிரதி ஈரம் பட்டுப் பழுதாகியிருந்தது. ஸ்பிரிங்வேலில் படங்களைத் திருத்திக் கொடுக்கும் ஒரு வியட்நாம்காரரிடம் கொடுத்துச் சரிசெய்வித்தேன். அதனால் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியலாம். கோப்புக்கு இரண்டு சிறியது, உங்களுக்கு ஒரு பெரியது.

வேறென்ன எழுதுவது? பென்விக்கின் ஆறாவது பெட்டியில் நிற்கிறேன். ஒரு புதினம் சொல்கிறேன். ஒரு பெரிய மனிதருக்கு மவுசு போய்விட்டால் அவருடைய படத்தை வாங்க ஆள் இருக்காது. செம்பை வீணாக்க மனம் வராமல், தகட்டில் தலையை மட்டும் தேய்த்து அழித்து, பின்பக்கம் தட்டிச் சமமாக்கி, வேறொருவர் தலையைச் செதுக்கிவிடுவார். ஒரே கோட்டு, ஒரே கை, ஒரே கதிரை. ஒரு தகட்டில் முதலில் ஒரு மந்திரி, பிறகு ஒரு ஜெனரல், கடைசியில் ஒரு சீனி வியாபாரி. மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

படம் வந்து சேர்ந்ததும் எழுதுங்கள்.

வைதேகி


டூங்கபி
06.02.2011

என் அன்புத் தங்கைக்கு,

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. படம் வந்தது. உறையைப் பிரித்ததும் குசினியிலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். விஜயா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முதலில் கொஞ்சம் பிறத்தி ஆள் மாதிரி இருந்தது. இளமையாகவும் இருக்கிறார். தலையை வேறு வாரியிருக்கிறார். அவர் எந்தக் காலத்தில் தலை வாரினவர்? பள்ளிக்கூடத்துக்கே கையால் கோதிவிட்டுப் போகிறவர். மச்சாள் நீ அவுஸ்திரேலியாவிலிருந்து கமராவோடு வந்திருக்கிறாய் என்று வாரியிருப்பார்போல. இரண்டு மூன்று நாள் பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது. இரண்டு வருஷமாகக் காணாத முகம், முதலில் அப்படித்தான் இருக்கும்.

பெரியதைத் தம்பி சட்டம் போட்டுத் தந்தான். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்ட வந்தான், விடவில்லை. கோயிலுக்கு வரும் ஒரு அன்ரி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தா. “உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போடுறேல்ல அன்ரி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். விடிந்ததும் கதைப்பேன். என் குரலே எனக்குக் கேட்காது, ஆனபடியால் எவ்வளவு சத்தமாகக் கதைக்கிறேனோ தெரியாது. தம்பி வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவான்.

கோப்பு போய்விட்டது.

உன் அக்கா


கிளென் வேவர்லி
14.08.2011

அன்புள்ள அக்கா,

ஆறு மாதம் எழுதாமல் விட்டேன். உங்கள் கடிதம் மேசையில்தான் இருந்தது. வேலை, மகனின் ரியூசன் என்று காரணங்கள் இருக்கின்றன, அவற்றை எழுதி உங்களுக்குச் சலிப்பூட்டவில்லை. உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? கோப்பைப் பற்றி ஏதும் தகவல் உண்டா?

பென்விக்கின் குறிப்பேடுகளுக்கு வந்துவிட்டேன். ஒரு பக்கத்தை உங்களிடம் சொல்லவேண்டும்போல் இருக்கிறது. கடலில் மூழ்கிய ஒரு கப்டனின் மனைவி அவரிடம் வந்திருக்கிறாள். கணவனின் படம் எதுவும் இல்லை. பென்விக் ஒரு நீதிபதியின் பழைய தகட்டை எடுத்துத் தலையைத் தேய்த்துவிட்டு, கப்டனின் தம்பியை முன்னால் இருத்தி, அவனைப் பார்த்தே ஒரு முகம் செதுக்கினார். மனைவி வந்து பார்த்து அழுதாளாம். இருபத்தைந்து பிரதி வாங்கிக்கொண்டு போனாளாம். “திருப்தியுடன் சென்றார்” என்று எழுதிவைத்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்குமா, அக்கா?

வைதேகி


டூங்கபி
02.05.2012

அன்பின் வைதேகி,

நீ கேட்டதற்கு மறுமொழி எழுதாமல் எத்தனை மாதம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் ஏன் இருபத்தைந்து வாங்குகிறாள்? அது போகட்டும். அப்போது எழுத ஒன்றுமில்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துக் குறைநினைக்காதே.

இவரைக் கண்ட ஆள் கிடைத்திருக்கிறார்!

தடுப்பு முகாமில் இருந்து விடுபட்டுச் சென்னைக்கு வந்த ஒருவரிடம் அமைப்பு ஆட்கள் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். இவருடைய படத்தில் கையை வைத்து, “இவரை எனக்குத் தெரியும். 2010 கடைசியில என்னோட இருந்தவர். எப்பவும் தலையை இப்பிடித்தான் வாரியிருப்பார்” என்றாராம். தம்பி அதை அப்படியே தாளில் எழுதித் தந்தான். தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

யூலை முதற்கிழமை போக டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கொழும்பில் இறங்கி வவுனியாவுக்குப் போவேன். பெரிய படத்தையும் கொண்டுபோய் ஒவ்வொரு வாசலிலும் காட்டிக் கேட்பேன். தம்பி பயப்படுகிறான். “காது கேக்காத நீ தனியப் போய் என்ன செய்யப்போறாய், அக்கா?” என்று எழுதிக் காட்டுகிறான். காது எதற்கு? படம் இருக்கிறதே.

நீ தந்த படம்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. வேலைக்கு லீவு கிடைத்தால் நீயும் வா.

அக்கா


கிளென் வேவர்லி
07.05.2012

அக்கா,

டிக்கெட் எடுக்காதீர்கள். இதை முழுவதும் வாசித்து முடித்துவிட்டு என்னை என்ன செய்ய நினைக்கிறீர்களோ செய்யுங்கள்.

அது அத்தானின் முகம் இல்லை.

கிளிநொச்சியில் எடுத்த படங்களும் நெகட்டிவ்களும் ஒரு சப்பாத்துப் பெட்டியில் இருந்தன. 2006இல் மகனின் பள்ளிக்கூடத்துக்காக ஸ்பிரிங்வேல் வீட்டை விற்று இங்கே வந்தோம். பழைய சாமான்களை வாசலில் போட்டால் கவுன்சில் லொறி ஏற்றிக்கொண்டு போகிற வாரம் அது. கராஜில் இருந்ததை எல்லாம் சிறிதரன் வெளியே கொண்டுபோய்ப் போட்டார். ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுவும் போடுறதோ?” என்று கேட்டார். நான் குசினிக் கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே “ஓம், போடுங்கோ” என்றேன். பெட்டியின் மேல் கிளிநொச்சி என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அவர் அதை வாசித்துவிட்டுத்தான் கேட்டார்.

2009 மேயில் அத்தானைக் காணவில்லை என்று செய்தி வந்த அன்று அந்தப் படங்களைத் தேடினேன். எறிந்தது அந்தப் பெட்டியைத்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நீங்கள் கேட்டபோது நான் தேடவில்லை. இல்லை என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் இருந்தது ஒன்றுதான். 1994இல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட முதல்நாள் வீட்டு முற்றத்தில் இருபது பேர் நின்று எடுத்த படம். அத்தான் பின்வரிசையில் நிற்கிறார். முகம் பயற்றம்பருப்பு அளவு, அதுவும் அசைந்திருக்கிறது. அதைத்தான் ஸ்பிரிங்வேலுக்குக் கொண்டுபோனேன். பெருப்பித்தபோது சாம்பல் பொட்டுகள்தான் வந்தன. அந்த மனிதர் என்ன செய்வார்? “மூக்கு எப்படி?” என்று கேட்டார். சொன்னேன். அவரிடமிருந்த படங்களிலிருந்து பத்து மூக்குக் காட்டினார், ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். கண் காட்டினார், காது காட்டினார், எல்லாம் தெரிந்தெடுத்தேன். சேர்ட் யாருடையதோ. தலையை வாரிவிட்டவர் அவர்தான். அத்தான் வாரமாட்டார் என்று எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரம் முகம் உயிரோடு பார்க்கிறமாதிரி இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருந்தேன். எழும்பும்போது “சரிதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். சரி என்றேன்.

பருப்பளவு முகத்தை அப்படியே அனுப்பியிருக்கலாம். “அக்கா, இவ்வளவுதான் இருக்கிறது, மற்றதை நான் எறிந்துவிட்டேன்” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் இவ்வளவும் செய்தேன்.

சென்னையில் அந்த மனிதர் யாரைக் கண்டாரோ தெரியாது. படத்தில் இருப்பவர் உலகத்தில் எங்கும் இல்லாதவர்.

முற்றத்துப் படத்தை இதனுள் வைத்திருக்கிறேன். பின்வரிசை, இடமிருந்து நான்காவது ஆள்.

வைதேகி


கிளென் வேவர்லி
28.10.2012

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

சிவபாலன் அண்ணா யூனில் போன் எடுத்தார். “அக்கா படத்தைக் கழட்டிப்போட்டா. ஏனெண்டு கேட்டால் உன்ர கடிதத்தை நீட்டுறா. என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?” என்றார். கடிதத்தில் இருப்பது உண்மைதான் என்றேன். “சரி, வை” என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் வந்திருக்கும். அவற்றில் மன்னிப்பு என்ற சொல்லை நிறையத் தடவை எழுதிவிட்டேன், இதில் எழுதவில்லை.

பென்விக்கின் பெட்டிகள் முடிந்துவிட்டன. கப்டனின் படத்துக்கு விபரக் குறிப்பில் எவருடைய பெயரை எழுதுவது என்று மேலதிகாரி கேட்டார். கீழே அச்சிட்ட பெயரையும், முகம் அவருடையது அல்ல என்பதையும் இரண்டு வரியில் எழுதினேன். நூலகத்தில் அது எவ்வளவு சுலபமாக இருந்தது.

வைதேகி


டூங்கபி
17.02.2013

வைதேகிக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. நான் இருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு இப்போது இரண்டு குளிசை.

யூலையில் போகவில்லை. சென்னைக்காரரிடம் திரும்பக் கேட்டார்கள். முற்றத்துப் படத்தைக் காட்டினார்கள். “இதில ஒண்டும் விளங்கேல்ல, அப்பிடியெண்டால் எனக்குத் தெரியாது” என்றாராம். கோப்பில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது, நான்காவது ஆளைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம்.

பெட்டியை எறிந்ததற்கு எனக்குக் கோபமில்லை. இடம்பெயர்ந்து நடந்த பாதையில் நாங்கள் எறியாத சாமானா? தையல் மெஷினை எறிந்தேன், அவருடைய புத்தகங்களை எறிந்தேன், கடைசியில் அரிசியையும் எறிந்தேன். சாமானை எறிந்தவளோடு சாமானை எறிந்தவள் என்ன சண்டை பிடிப்பது?

நீ செய்த மற்றதைச் சொல்கிறேன், கேள். பதினாறு மாதம் அந்தப் படத்தோடு கதைத்தேன். படத்தைக் கழற்றினாலும் இப்போது கண்ணை மூடினால் வந்து நிற்பது அந்த ஆள்தான், தலையை வாரிக்கொண்டு. அவனை விலக்கிவிட்டுப் பின்னால் பார்க்கிறேன், இவர் இல்லை. இருபத்துமூன்று வருஷம் பார்த்த முகம், வைதேகி. படம் வருமுன் என்னிடம் இருந்தது. தாள் இல்லாமலே இருந்தது.

குரல் வருகிறது. காது போனவளுக்குக் குரல் மட்டும் வருகிறது. முகம் வருவதில்லை.

இதை எழுதவே கூடாது என்றுதான் ஒன்பது மாதம் இருந்தேன். ஆனால் அவரை நன்றாகப் பார்த்த ஆட்களில் இப்போது மிஞ்சியிருப்பது நீயும் நானும்தான். எங்கள் கலியாணத்துக்கும் முதலே தம்பி வெளிநாடு வந்துவிட்டான். நீ கமராவால் பார்த்தவள். உனக்கு நினைவிருக்கிறதை எழுது. நினைவில்லாததை எழுதாதே. ஒரு மயிர்கூடக் கூட்டி எழுதாதே.

கமலினி


கிளென் வேவர்லி
10.03.2013

அன்புள்ள அக்காவுக்கு,

குளிசையை நேரத்துக்கு எடுங்கள். இதை எழுத இரண்டு கிழமைக்கு மேல் பிடித்தது. எழுதியதில் பாதியை வெட்டிவிட்டேன். வெட்டியதெல்லாம் அழகாக இருந்தவை, அதனால்தான் சந்தேகம் வந்தது.

இனி எழுதுவது மட்டும் நிச்சயம்.

2003 மார்ச், பின்னேரம். முற்றத்தில் கதிரை போட்டுக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் கீழே. காதுகள் வெளியே தள்ளியிருந்தன, வெயில் பின்னால் இருந்து வந்ததால் சிவப்பாகத் தெரிந்தன. தலைமயிர் முன்பக்கம் குறைந்து, மிச்சம் எழும்பி நின்றது. கமராவைக் கண்டதும் “உந்த அவுஸ்திரேலியாக் கமராவுக்கு என்ர தலை அடங்குமோ, மச்சாள்?” என்று கேட்டார். சிரித்தபோது கீழ்ப் பல்லில் ஒன்று சரிந்திருந்தது. எந்தப் பக்கத்துப் பல் என்று தெரியாது. கழுத்தில் சவரம் செய்த இடத்தில் சின்ன வெட்டு, காய்ந்த இரத்தம்.

மூக்கு நினைவில்லை. கண் நினைவில்லை. ஸ்பிரிங்வேலில் தெரிந்தெடுத்த மூக்குத்தான் எனக்கும் வருகிறது. அந்த ஆள் எனக்கு முன்னாலும் நிற்கிறான்.

பதினாறு படம் எடுத்தேன். கடைசிப் படம் ஒன்றுதான் எடுத்த கணத்தோடு நினைவிருக்கிறது. அப்போது பிலிமில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். “அத்தான், இஞ்ச பாருங்கோ” என்றேன். அவரும் நிமிர்ந்தார். அந்த நேரம் நீங்கள் தேத்தண்ணீர்த் தட்டோடு குசினி வாசலுக்கு வந்தீர்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அழுத்திவிட்டேன். “ஐயோ, பழுதாக்கிப்போட்டியளே!” என்று கத்தினேன். அதற்கும் அவர் திரும்பவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு காதும், தாடையும், அந்த வெட்டும்தான். முகம் உங்கள் பக்கம் இருந்தது, அக்கா. அது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

வைதேகி